சீல் உடைக்காத தண்ணீர்

கருந்தாங்கலில் இளையபெருமாள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை வேறு.

பன்னிரண்டு வருடமாகப் போய்வருகிற ஊர். செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகிற சாலையில் பாதி வழியில் இடப்பக்கம் திரும்பினால் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது. எந்த வீட்டில் எத்தனை ஆடு, எந்த வீட்டு மிக்சி ஓடவில்லை, யார் மகன் பெங்களூரில் டைல்ஸ் ஒட்டுகிறான், யார் மருமகள் விடியுமுன்னே ஷூ கம்பெனி வண்டி ஏறுகிறாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த ஊர்த் தண்ணீர் உப்பா துவர்ப்பா என்று கேட்டால் மட்டும் முழிப்பார். அவருடைய கேள்வித்தாளில் குடிநீருக்கென்றே ஒரு பக்கம் இருந்தது. ருசியைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை.

இளையபெருமாள் சென்னையில் பொருளாதாரப் பேராசிரியர். ஒரு வட்டாரம் ஏன் முந்துகிறது, பக்கத்து வட்டாரம் ஏன் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறது என்பது அவருடைய துறை. இதைக் கண்டுபிடிக்க அவர் கைக்கொண்ட வழி எளியது. அதே ஊர், அதே வீடுகள், அதே கேள்விகள். சில வருடத்துக்கு ஒருமுறை வந்து, போன முறை என்ன சாப்பிட்டீர்கள், இந்த முறை என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டு போவது. வேறு யாராவது இப்படி வீடு வீடாகப் போய்க் கேட்டால் அதற்கு வம்பு என்று பெயர். பல்கலைக்கழகம் சம்பளம் கொடுத்தால் ஆய்வு.

தண்ணீர் குடிக்காத விரதத்துக்குக் காரணம் ஒரு முட்டை.

கருந்தாங்கலுக்கு வருவதற்கு முன்னால் வேறொரு ஊரில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். கேள்வி கேட்கப் போனவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். நல்ல பசி வயசு. வீட்டுக்காரர்களோ நல்ல மனசுக்காரர்கள். வெயிலில் வந்திருக்கிறதுகளே என்று எல்லா வீட்டிலும் முட்டை பொரித்துப் போட்டார்கள். தின்று முடித்து ஏப்பம் விட்டுவிட்டு, அதே வீட்டில் உட்கார்ந்து, “இந்த வாரம் முட்டை வாங்கினீங்களா?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? வாங்கினோம் என்றுதான் வரும். கூட்டிப் பார்த்தபோது அந்த ஊரில் சத்துக்குறைவே இல்லை. வறுமை ஒழிந்திருந்தது. ஒழித்தது இளையபெருமாள் அனுப்பிய பிள்ளைகளின் பசி.

அன்றைக்குப் போட்டார் சட்டம். எடை போட வந்தவர்கள் தராசுத் தட்டில் ஏறி உட்காரக் கூடாது. எந்த வீட்டிலும் எதையும் உண்ணவோ அருந்தவோ கூடாது என்று கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் அச்சடித்தார். அச்சில் ஏறாத இன்னொரு சட்டமும் இருந்தது, தனக்கு மட்டும். தன்னைப் பற்றி எதையும் சொல்லிக்கொள்ளக் கூடாது. எந்த ஊர், எந்தத் தெரு, யார் பிள்ளை என்று தெரிந்தால் சொல்கிற பதில் மாறிவிடும். ஆகவே அவர் எல்லா வீட்டிலும் காற்று மாதிரி நுழைந்து காற்று மாதிரி வெளியே வந்தார். காற்றுக்குக் கூட ஏதாவது வாசனை இருக்கும். அவருக்கு அதுவும் கிடையாது.

வீட்டிலும் இதே பழக்கம் வந்துவிட்டதாக அவர் மனைவி ஒருமுறை சொன்னார். பிறகு இருவரும் நல்ல முறையில் ஒத்துழைத்து அந்தத் திருமணத்தை முடித்துவைத்தார்கள். அவர் செய்த கூட்டு ஆய்வுகளிலேயே சண்டையில்லாமல் முடிந்தது அது ஒன்றுதான்.

செஞ்சியில் அவர் தங்குவது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில். கோட்டைக்கு யுனெஸ்கோ பட்டம் கிடைத்ததிலிருந்து லாட்ஜ்காரர் ‘கோட்டை வியூ’ என்று போர்டு மாட்டி வாடகையை ஏற்றியிருந்தார். ஜன்னலைத் திறந்தால் தெரிவது எதிர்க்கட்டடத்தின் தண்ணீர் டாங்க். அதற்குப் பின்னால், கழுத்தை நன்றாக ஒடித்துப் பார்த்தால், ராஜகிரி மலையில் ஒரு முழம் தெரியும். சாப்பாடு கீழே குருவின் மெஸ்ஸில். இத்தனை வருடப் பழக்கத்துக்குப் பிறகும் குரு தினமும் “ஒரு ஆளா சார்?” என்று கேட்பார். கேட்டுவிட்டு, கை கழுவுகிற இடத்தை ஒட்டின மேஜையைக் காட்டுவார். மற்ற மேஜைகள் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு. அல்சருக்குப் பயந்து தயிர்சாதம் சாப்பிடுகிற இளையபெருமாளின் முதுகுக்குப் பின்னால் செஞ்சி நகரமே வாய் கொப்பளித்துவிட்டுப் போகும்.

புகழ் என்று பார்த்தால் அவருக்கு ஒரு கட்டுரை இருந்தது. பெரிய புகழ் இல்லை. கருத்தரங்கில் நுழைந்தால் ஐந்தாறு பேர் திரும்பிப் பார்க்கிற அளவு. கருந்தாங்கலில் விவசாயக் குடும்பங்களின் தெருவில் பாட்டில் தண்ணீர் வாங்குகிறவர்கள் அநேகமாக யாரும் இல்லை. ஆனால் காலனியில், சுற்றுக்குச் சுற்று, வீட்டுக்கு வீடு, பாட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டே போயிற்று. (காலனி என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து எடுத்துவிடச் சொல்லி அரசாங்கம் அறிவித்துவிட்டது. வாயிலிருந்து எடுக்க இன்னும் யாரும் உத்தரவு போடவில்லை.) ஊர்க் கிணற்றிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தள்ளி நிறுத்தப்பட்டவர்கள், கையில் நாலு காசு வந்ததும் முதலில் வாங்கியது தங்களுக்கென்று சொந்தமாக ஒரு பாட்டில் தண்ணீர் என்று இளையபெருமாள் எழுதினார். கிராமத்து வளர்ச்சி என்றால் இதுதான் என்றார். அந்த வரியை மட்டும் நாலைந்து முறை தனக்குத்தானே படித்துப் பார்த்துக்கொண்டார். காரணம், செய்யாறு பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்து வளர்ந்தவர் அவர். அதை மட்டும் கட்டுரையில் எழுதவில்லை. சட்டம்.

அடுத்த மாதம் டில்லியில் ஒரு பெரிய சபையில் அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். அதற்குள் இந்தச் சுற்றை முடித்துப் புதிய கணக்கோடு போய் நிற்க வேண்டும். இந்த நேரம் பார்த்து, காலனி வீடுகளை எப்போதும் பார்த்துக்கொண்டிருந்த உதவியாளர் சுமலதா, அரசு வேலை கிடைத்துப் போய்விட்டார். வளர்ச்சி தன்னை அளக்க வந்தவரையே தூக்கிக்கொண்டு போய்விட்டது. இனி அங்கே அவரேதான் போக வேண்டும்.

முதல் சுற்றில் அவர் காலனியில் ஒரே ஒரு வீட்டுக்குப் போயிருந்தார். மீனம்பாள் வீடு. உட்கார்ந்ததும் மீனம்பாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். சொம்பின் கழுத்தில் பெயர் வெட்டியிருந்தது, இளையபெருமாளின் அம்மா வைத்திருந்த சொம்பைப் போலவே. சட்டம் போட்டவரின் கை தானாக நீண்டுவிட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டு, என்ன சொல்வதென்று தெரியாமல், “வேணாம்மா, பழக்கமில்லை” என்றார். அந்த வீட்டுக்குப் போனால் கை நீளுகிறது, கை நீண்டால் ஆய்வு கெடும் என்று தனக்குத்தானே முடிவு கட்டி, அன்றிலிருந்து அந்தத் தெருவுக்கு சுமலதாவை அனுப்பினார்.

சுமலதாவும் ஒவ்வொரு முறையும் நல்ல செய்தியோடுதான் வருவார். “காலனில ரொம்ப நல்ல ஒத்துழைப்பு சார். சாப்டுங்க குடிங்கன்னு வற்புறுத்தறதே இல்ல. ஏன் குடிக்கலன்னு ஒரு கேள்வி கிடையாது. டக்கு டக்குனு முடிஞ்சிடுது.” இதையும் இளையபெருமாள் பெருமையாகக் கட்டுரையின் பின்னிணைப்பில் சேர்த்திருந்தார்.

சனிக்கிழமை காலை தங்கராஜின் ஆட்டோவில் கிளம்பினார். எல்லாச் சுற்றுக்கும் அதே ஆட்டோ, அதே தங்கராஜ். முதலில் விவசாயத் தெருவில் அரங்கநாதன் வீடு மிச்சமிருந்தது.

“வாங்க சார், வாங்க! ஏ ரத்தினம்மா, சாருக்கு மோரு கொண்டா. குடிக்க மாட்டாரு, இருந்தாலும் கொண்டா” என்று அரங்கநாதன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

ரத்தினம்மாள் மோர் டம்ளரை முன்னால் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார். “இன்னா சார் இது? பன்னெண்டு வருசமா என் மோர மொறச்சி மொறச்சிப் பாத்துட்டுப் போறீங்க. சுகரா?”

“இல்லீங்க.”

“வயிறா?”

“அதில்லீங்க. ஆபீஸ் ரூல்ஸ்.”

“எந்த ஆபீஸ்ல சார் மோரு குடிக்கக் கூடாதுன்னு ரூல்ஸ் போட்டுருக்கான்? ஏதோ வேண்டுதலு. சொல்ல மாட்டேன்றாரு” என்று தன் கணவரிடம் தீர்ப்பு சொன்னார். அரங்கநாதன் அந்த மோரைத் தானே எடுத்துக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். சிரித்துக்கொண்டே வெளியே வந்தார் இளையபெருமாள். அங்கே எப்போதும் அப்படித்தான். கேலி, சண்டை, மோர்.

காலனி ஏரி மதகைத் தாண்டி இருந்தது. மீனம்பாள் வீடு இப்போது மாடி வைத்த வீடு. கூடத்தில் டைல்ஸ், ஓடுகிற ஃபேன். துடைத்து வைத்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு முன்னால் ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல் ஒரு பாட்டில் தண்ணீர், குளிர்ச்சியில் வேர்த்து நின்றது.

“வாங்க சார். மேடம் வரலியா?”

“அவங்களுக்கு வேலை கெடச்சிடுச்சிம்மா. இந்த முறை நான்தான்.”

“மொதல்ல வந்தவரும் நீங்கதானே” என்றார் மீனம்பாள். மறக்கவில்லை. “குடிங்க சார். சீல் ஒடைக்காததுதான்.”

வெயிலுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, வழக்கம்போல் அதைப் பார்க்காத மாதிரி, இளையபெருமாள் கேள்விகளை ஆரம்பித்தார். மீனம்பாள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல். கணவர் இறந்துபோய் வருடங்கள் ஆகின்றன. மகள் வெண்மதி விழுப்புரத்தில் நர்ஸ். இன்றைக்கு லீவில் வந்திருக்கிறாள். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் ஆயிற்று. பக்கம் புரண்டது.

“கடந்த முப்பது நாள்ல பாட்டில் தண்ணி வாங்கினீங்களாம்மா?”

“ஒண்ணு.”

எழுதினார். எழுதிவிட்டு, கேள்வித்தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார். “எதுக்கு வாங்கினீங்க?”

மீனம்பாள் மோவாயால் ஸ்டூலைக் காட்டினார். “இதான் சார் அது.”

பேனா நின்றது. “போன முறை?”

“போன தடவ மேடத்துக்கு ஒண்ணு, கூட வந்த புள்ளைக்கு ஒண்ணு. அதுக்கு முன்ன கலர் வாங்கி வெச்சிருந்தோம். மேடம் கலர் தொடலன்னு அப்புறம் தண்ணியா மாத்திட்டோம்.”

“மத்த வீட்ல?”

“எல்லா வூட்லயும்தான். நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சா தெருமொனைக் கடை வளவன் ஒரு பெட்டி எறக்கிடுவான். இல்லன்னா இங்க யாரு சார் காசு குடுத்துத் தண்ணி வாங்கறாங்க? டேங்குல வருதே.”

இளையபெருமாளின் தலைக்குள் ஒரு முட்டை உடைந்தது.

“நாங்கதான் குடிக்கறதில்லையேம்மா. எதுக்கு வாங்கி வெக்கறீங்க?”

“குடிக்கறது குடிக்காதது உங்க இஷ்டம். வந்தவங்களுக்கு வெக்கறது எங்க மொற.” மீனம்பாள் கொஞ்சம் தயங்கினார். பிறகு, நோயாளிக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். “இதுல என்ன சார் இருக்குது. எனக்குப் பழக்கந்தான். பள்ளிக்கூடத்துல நான் வேலைக்குச் சேந்த புதுசுல, நான் சோறு போட வந்தா தட்ட எடுத்துட்டு எழுந்து போன புள்ளைங்கள்லாம் இருந்துது. வூட்ல சொல்லி அனுப்பறது, அதுங்க இன்னா பண்ணும். நீங்களாவது படிச்சவரு. மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லல. பழக்கமில்லன்னு மரியாதையா சொன்னீங்க. அப்ப உங்க பழக்கத்துக்குத் தோதா வெக்கணும் இல்ல? இது கடையில வாங்குனது. எங்க கை உள்ள படல.”

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ரத்தினம்மாள் பன்னிரண்டு வருடமாகக் காரணம் கேட்டுச் சண்டை பிடிக்கிறார். இந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை. இதைத்தான் நல்ல ஒத்துழைப்பு என்று பின்னிணைப்பில் போட்டு வைத்திருக்கிறார்.

“அம்மா” என்றார் இளையபெருமாள். “எனக்குச் செய்யாறு பக்கம். நானும் காலனிதாம்மா.”

சொல்லிவிட்டால் ஏதோ திறந்துகொள்ளும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மீனம்பாள் அவரை நிதானமாகப் பார்த்தார்.

“அப்டீங்களா.”

“ஆமாம்மா.”

“அப்ப எதுக்கு சார் குடிக்கல?”

அவர் மடியிலிருந்த கேள்வித்தாளை மூடினார்.

“மத்தவங்க குடிக்கலன்னா எங்களுக்குக் காரணம் தெரியும். அத வெச்சிக்கினு நாங்க பொழச்சிக்குவோம். நம்மாளு குடிக்கலன்னா அதுக்கு இன்னா காரணம்?”

இளையபெருமாள் முட்டைக் கதையைச் சொன்னார். கருத்தரங்குகளில் அந்தக் கதைக்கு எப்போதும் சிரிப்பு கிடைக்கும். தராசுத் தட்டு உவமை வரும்போது சிலர் குறிப்பு எடுப்பார்கள். மீனம்பாள் முழுக்கக் கேட்டார்.

“முட்டைக்கா?” என்றார். பிறகு உள்ளே பார்த்து, “ஏ வெண்மதி, இங்க வா! சாரு இத்தினி வருசமா முட்டைக்குப் பயந்துக்கினு நம்ம வூட்ல தண்ணி குடிக்கலியாம்!”

உள்ளிருந்து வெண்மதியின் சிரிப்பு கேட்டது. மீனம்பாளும் சிரித்தார். நல்ல, உடம்பு குலுங்குகிற சிரிப்பு. அதைப் பிடித்துக்கொண்டு இளையபெருமாள் சொன்னார்: “ஒரு சொம்பு தண்ணி குடுங்கம்மா. இப்ப குடிக்கிறேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது.

“வேணாம் சார்” என்றார் மீனம்பாள். “எலெக்சன் வந்தா இப்டித்தான் வருவாங்க. தண்ணி குடிப்பாங்க, கீழ ஒக்காந்து ரெண்டு வாய் சாப்புடுவாங்க, பின்னாடி ஒருத்தன் படம் புடிப்பான். நீங்க படம் புடிக்க ஆள் கூட்டினு வரல, அந்த மட்டும் சந்தோசம். மிச்சத்தக் கேளுங்க சார். எனக்கு வேல இருக்குது.”

மிச்சத்தைக் கேட்டார். சோப்பு, மருந்து, பஸ், செல்போன். ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பதில் வந்தது. கிளம்பும்போது மீனம்பாள் அந்தப் பாட்டிலை எடுத்து அவருடைய பைக்குள் செருகினார். “வெயிலு சார்” என்றார், அவ்வளவுதான்.

ஆட்டோ ஏரிக்கரையில் ஏறியதும் தங்கராஜ் கண்ணாடியில் பார்த்தான். “குடிங்க சார். புள்ளைங்கள்லாம் வண்டில ஏறுனதும் மொதல்ல சீலத்தான் திருகும். நீங்கதான் ரொம்ப வெறப்பு.”

“தங்கராஜ், இந்தப் பாட்டில் எதுக்கு வெக்கறாங்கன்னு உனக்குத் தெரியுமா?”

தங்கராஜ் வண்டியை ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றினான். “தெரியும் சார். நீங்க ஐயருன்னு அவங்க நெனப்பு. பேரும் பெருமாள் பேரு. தயிர்சாதம் வேற.”

“அது அல்சர்யா!”

“எனக்குத் தெரியும், மெஸ்ஸுல நீங்க மாத்திர போடறதப் பாக்கறேன். அவங்க காதுக்குத் தயிர்சாதம் மட்டுந்தான் போச்சு. அவங்களுக்கு எப்டி சார் தெரியும்? நீங்கதான் வாயத் தொறந்து இன்னார்னு சொல்றதில்லியே. என்கிட்டயே சொன்னதில்ல.”

அதுவும் உண்மைதான்.

சாயங்காலம் அறையில் மடிக்கணினியைத் திறந்தார். செய்யவேண்டிய வேலை சின்னது. ஒவ்வொரு சுற்றிலும் தன் ஆட்கள் காலனிக்குப் போயிருந்த வாரத்தில் வாங்கப்பட்ட பாட்டில்களைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தார். சுற்றுக்குச் சுற்று ராஜகிரி மாதிரி ஏறிக்கொண்டிருந்த கோடு, ஏரி மாதிரி மல்லாந்து படுத்துக்கொண்டது. பத்திரிகைகள் மேற்கோள் காட்டிய வளர்ச்சி, மாணவர்கள் பரீட்சையில் எழுதிய வளர்ச்சி, திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்த அந்த வரி. எல்லாம் அவர் வந்துபோன தடம். எந்த வீட்டிலும் சுவடு படாமல் நடந்ததாக நினைத்த மனிதர், ஒரு தெரு முழுக்கப் பாட்டில் பாட்டிலாகச் சுவடு பதித்துவிட்டு வந்திருந்தார்.

ஒரு விதத்தில் பார்த்தால் பெரிய மரியாதை, என்று அவருக்குத் தோன்றியது. தனக்காக இத்தனை வீட்டில் பாட்டில் வாங்கி வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் யாரும் அவர் வருகிறார் என்று ஒரு சோடா வாங்கி வைத்து வெகுகாலம் ஆகிறது. சிரிக்கப் பார்த்தார். தனியாக இருக்கும்போது தன் நகைச்சுவைக்குத் தானே சிரிப்பது சிரமமான காரியம்.

டில்லிக்கு எழுதினார். கட்டுரையின் முடிவு தவறு, பேச வரவில்லை, கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கும் எழுதிவிடுகிறேன் என்று மூன்று வரி. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: ‘சுவாரஸ்யம். உறுதியா? நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது.’ உறுதி என்று ஒரு வார்த்தை அனுப்பினார். கீழே போனார்.

“ஒரு ஆளா சார்?” என்றார் குரு.

மறுநாள் காலை தங்கராஜ் வண்டியை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தான். “பை எங்க சார்?”

“இன்னைக்குக் கேள்வி இல்ல.”

“கேள்வி இல்லாம எப்டி சார் அந்த வூட்டுக்குள்ள போவீங்க?”

இளையபெருமாளுக்கும் அதே சந்தேகம்தான் இருந்தது. வழியெல்லாம் யோசித்தும் விடை கிடைக்கவில்லை. கையில் அந்தப் பாட்டில் மட்டும் இருந்தது, சீல் உடையாமல்.

ஞாயிற்றுக்கிழமை. வெண்மதி டியூட்டிக்குப் போய்விட்டிருந்தாள். மீனம்பாள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். “இன்னா சார், ஏதாவது வுட்டுட்டுப் போயிட்டீங்களா?”

“இதத் திருப்பிக் குடுக்க வந்தேம்மா.”

மீனம்பாள் பாட்டிலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “வளவன் திருப்பி எடுத்துக்க மாட்டான் சார்.”

“இல்ல, நான்...” வாசல்படியில் நின்றபடி அவர் சொல்லிமுடித்தார். “உங்க தெரு பாட்டில் தண்ணி வாங்குது, அதனால வளந்துடுச்சின்னு டில்லி வரைக்கும் எழுதிட்டேன். அதெல்லாம் எனக்காக வாங்குனதுன்னு நேத்துதான் தெரிஞ்சிது. நான் எழுதுனது தப்புன்னு சொல்லி அனுப்பிச்சிட்டேன்.”

“அப்ப நாங்க வளரலன்னு எழுதிட்டீங்களா?” மீனம்பாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “எம்பொண்ணு நர்சு. வூட்ட மாடி வெச்சிக் கட்டியிருக்கறேன். வளவன் தம்பி போலீசு. இதெல்லாம் வுட்டுட்டு ஒரு பாட்டில்லயா சார் பாத்தீங்க?”

இளையபெருமாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்று அறையில் எவ்வளவு முயன்றும் வராத சிரிப்பு. அடக்க முடியாமல் வந்தது. சிரிக்கக் கூடாத இடம் என்று தெரிந்ததால் இன்னும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீனம்பாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அட, உள்ள வந்து ஒக்காருங்க சார். வாசல அடச்சிக்கினு நின்னா காத்து எப்டி வரும்.”

அதே நாற்காலி. முன்னால் ஸ்டூல் இல்லை. மீனம்பாள் உள்ளே போய்விட்டார். இளையபெருமாள் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் பேனா இல்லை, மடியில் தாள் இல்லை. இத்தனை வீடுகளில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு வீட்டிலும் சும்மா உட்கார்ந்ததில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முழங்கால்மேல் வைத்தார். ஏதோ வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் மாதிரி இருந்தது. எடுத்துக்கொண்டார்.

உள்ளே அடுப்பு பற்றவைக்கிற சத்தம்.

“முட்ட போடட்டா சார்? பயமா இருக்குதா?”

“போடுங்கம்மா.”

“அல்சருக்கு ஆவுமா? தங்கராசு சொன்னான்.”

எப்போது சொன்னான் என்று தெரியவில்லை. ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துகொள்ள வழி இருந்திருக்கிறது. “ஆவும்” என்றார்.

எண்ணெய் காய்ந்தது. “உங்க வூட்ல எத்தினி பேரு சார்?”

கேள்வித்தாளின் முதல் கேள்வி அது. ஆயிரக்கணக்கான வீடுகளில் அவர் கேட்ட கேள்வி. அதற்கு ஒரு விளக்கமும் உண்டு, பிள்ளைகளுக்கு அவரே பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது. ஒரே கூரையின் கீழ் இருந்தால் போதாது. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம்.

“நான் ஒருத்தன்தாம்மா.”

“சமையலு?”

“மெஸ்ஸுல. சென்னையிலயும் மெஸ்ஸுதான்.”

அந்த விளக்கப்படி பார்த்தால் ஒருத்தன் என்றுகூட எழுத முடியாது. அடுப்பே இல்லாத வீட்டுக்குக் கேள்வித்தாளில் கட்டம் கிடையாது. உள்ளே ஒரு முட்டை உடைகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மீனம்பாள் நகராமல் எதிரில் நின்றார். தட்டு காலியாகிறதா என்று பார்க்கிற கண். பள்ளிக்கூடத்துப் பழக்கமாக இருக்கும். இளையபெருமாள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகச் சாப்பிட்டார். இன்று காலைச் செலவில் இந்த வீட்டுக்கு இரண்டு முட்டை கூடிவிட்டது. அந்த இரண்டும் தன்னுடையது என்று எங்காவது அடிக்குறிப்பில் போட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு சொம்பு வந்தது. கழுத்தில் பெயர் வெட்டிய அதே சொம்பு. ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தது. கை நீண்டது. இந்த முறை அதை யாரும் இழுக்கவில்லை. அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்.

“கொஞ்சம் உப்பாட்டம் இருக்குதும்மா” என்றார்.

“ஏரித் தண்ணி ஊறுனா நல்லா இருக்கும். இப்ப இப்டித்தான்” என்றார் மீனம்பாள். தட்டை எடுத்துக்கொண்டு திரும்பியவர் அங்கிருந்தே சொன்னார்: “பழக்கமில்லாதவங்களுக்குக் கரிக்கும் சார்.”

‘சார்’ மட்டும் போகவில்லை. போக வேண்டும் என்று கேட்க அவருக்கு எந்த உரிமையும் இல்லை. வெளியே தங்கராஜ் ஒருமுறை ஹாரன் அடித்துப் பார்த்தான். இளையபெருமாள் எழுந்திருக்கவில்லை. சொம்பில் இன்னும் பாதி இருந்தது.